எட்டாம் பருவம்

பெண்ணுக்குப் பருவம் ஏழு என்று நமது பாட்டியல் நூலார் வகுத்துவைத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஐந்து வயதுக் குழந்தையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணுக்கு 40 என எல்லை கட்டி, அத்தோடு ஏட்டை மூடிக் கயிறும் சுற்றிவிட்டனர். உலாப் பாடிய புலவர்களும் அந்த ஏழு பேரையே தெருவில் நிறுத்தினார்கள். சேரமான் பெருமாள் நாயனார் கயிலைநாதன்மேல் பாடிய உலாவாயினும் சரி, ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மேல் பாடிய உலாக்களாயினும் சரி, தலைவன் பவனி வருகையில் வளை கழன்று, மேகலை நெகிழ்ந்து, மயங்கி நிற்பதற்கு 41 வயதுடையாள் ஒருத்தியும் வாசலுக்கு வரக் காணோம். அவள் அடுக்களையில் இருந்தாளா, காய்ச்சலில் கிடந்தாளா, உலாவைப் பார்க்க இஷ்டமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாளா என்று விசாரிக்கப் புலவருக்கு நேரமில்லை. ஆடவனுக்கு மாத்திரம் பருவங்களின் கடைசியில் முதுமகன் என்றொரு கௌரவப் பெயராவது கிடைத்தது.

முப்பதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் அந்தக் கடைசிப் படியில் ஏற்றப்பட்டுவிட்டோம் என்பதைப் பாட்டியலைப் புரட்டியபோதுதான் நாம் அறிந்தோம். ஆங்கிலப் பள்ளியில் படித்த நமக்கு அந்நூல்கள் காலந்தாழ்த்தே கைக்கு வந்தன. படியின் விளிம்பில் நிற்பவர்களுக்கு, அதற்கு அப்பால் இருப்பது தரையா, கிணறா என்று கேட்கும் உரிமை உண்டல்லவா? ஆகவே கேட்கிறோம்.

அப்பால் இருப்பது, பெண்ணுடம்பு பூப்பெய்தியபின் காணும் மிகப் பெரிய மாறுதல். மாதவிடாய் நிற்பதும், நிற்பதற்கு முன் சில ஆண்டுகள் அது நின்றும் நில்லாமலும் நம்மைப் படுத்திவைப்பதுமான பருவம். இதற்கு நமது மொழியில் வீட்டார் வழங்கும் பெயர் யாது? "தீட்டு நின்றுவிட்டது" என்பர். இருக்கும்போதும் தீட்டு, போகும்போதும் தீட்டு. நிற்பதற்கு முன்னுள்ள அந்தச் சில ஆண்டுகளுக்கோ அந்தப் பெயருங்கூட இல்லை. டாக்டர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். மலாய்க்காரப் பெண்கள் மாதவிடாய் அற்றுப்போதல் என்னும் பொருளில் பூத்துஸ் ஹைட் என்று தீட்டைச் சேர்க்காமல் சொல்லிவிடுகிறார்கள். ஜப்பானியர் கோநெங்கி என்று, ஆண்டுகள் மாறித் திரும்பும் காலம் என்ற கருத்தில் அழகாகவே பெயரிட்டிருக்கின்றனர். மெனோபாஸ் என்ற சொல்லுங்கூடப் பழமையானதன்று. கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1821இல் வெளியிட்ட நூலின் மூலம் வழக்குக்கு வந்தது. யானைக்கும் மேகத்துக்கும் பத்துப் பத்துப் பெயர் வைத்த தமிழனுக்குத் தன் தாயின் பத்தாண்டு வாழ்க்கைக்கு ஒரு பெயர் வைக்க வாயில்லை.

நமது இலக்கியத்தின் புகழ்பெற்ற பெண்மணிகளை எடுத்துக்கொண்டாலும் இதுவே கதி. ஔவையார் கன்னிப் பருவத்திலேயே பிள்ளையாரை வேண்டி ஒரே தாவலில் கிழவியாகிவிட்டார் என்கிறது கதை. காரைக்கால் அம்மையார் இளமை வடிவத்தை உதறி ஒரே நொடியில் பேயுருக் கொண்டார் என்கிறது புராணம். இருவரும் நடுவிலிருந்த அந்தப் பத்தாண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டனர் என்பதைக் கவனிக்க. கதை கட்டினவர்களுக்குங்கூட அந்தப் பத்தாண்டுகளில் ஒரு பெண்ணை என்ன செய்வதென்று தெரியவில்லை போலும்! நமது தாய்மார்களுக்குப் பிள்ளையார் அவ்வரத்தை அருளவில்லை. அவர்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிள்ளான் தோட்டத்து வீட்டிலும் இருந்துகொண்டு அதை ஒவ்வோர் இரவாகக் கடக்கவேண்டியிருக்கிறது.

இப்பருவத்தைப் பற்றி நம்மவர் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்றுண்டு. நாற்பது வயதில் நாய்க்குணம் என்னும் பழமொழி. அதையும் பொதுப்படச் சொன்னார்களேயன்றி இன்னாரென்று சொல்லவில்லை. ஆனால் வழக்கில் அது யார்மேல் பாய்கிறது? அலுவலகத்தில் ஒரு கனவான் பேனாவை வீசியெறிந்தால் அவருக்கு வேலைப்பளு. அவர் மனைவி வீட்டில் கரண்டியைக் கொஞ்சம் ஓசையுடன் வைத்தால் அவளுக்கு நாய்க்குணம். அவள் முந்தின இரவு மூன்று தடவை வேர்வையில் நனைந்து எழுந்தாள் என்பதும், இரண்டு மாதமாக ஒரு நாளும் முழுத் தூக்கம் தூங்கவில்லை என்பதும் பழமொழியில் அடங்கவில்லை. அப்படித் தூக்கம் கெட்ட எந்த நாயும் இதைவிட அதிகமாகவே குரைக்கும்.

நிற்க. காரியம் என்னவென்று முதலில் பார்ப்போம். பெண் குழந்தை பிறக்கும்போதே தன் சூற்பையில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கருமுட்டைக் கூறுகளோடு பிறக்கிறது. பூப்பெய்தும்போது அவற்றில் சில இலட்சமே மிஞ்சும். அவற்றிலும் ஏறத்தாழ 400 மாத்திரமே முதிர்ந்து வெளிவரும். பெரும்பாலும் நாற்பதுகளில் இந்தக் கையிருப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஒரே சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் வானத்துக்கு ஏறும், மறுமாதம் பாதாளத்துக்கு இறங்கும். முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு சுரப்பு போதாமற்போக, உதிரப்போக்கு ஆற்று வெள்ளமாகவும் வரும். நாற்பது நாளாயிற்று, முடிந்தது என்று நிம்மதி அடைந்தவளுக்கு இருபதாம் நாளே மறுபடியும் வந்து நிற்கும். மூளையில் உடற்சூட்டைக் காக்கும் பகுதி இந்த ஏற்றத்தாழ்வில் தடுமாறி, சிறிதளவு சூட்டையும் பெருந்தீயென்று நினைத்து நெருப்பணைக்கும் படையை அனுப்பிவிடுகிறது. நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் பாய்ந்து, சில நிமிஷம் வியர்த்துக் கொட்டி, பிறகு குளிர்கிறது. மூட்டு வலிக்கிறது, பெயர் மறக்கிறது, அழுகை வருகிறது. சிலருக்கு ஒன்றும் தெரியாமலே கழிந்தும் போகிறது. 12 மாதம் தொடர்ந்து வராமலிருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. உலகத்துப் பெண்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இது 45க்கும் 55க்கும் இடையே நடக்கிறது. இவ்வளவே. இதில் பேயுமில்லை, பாவமுமில்லை.

கோலாலம்பூரில் இருப்பவளுக்கு இதிலொரு விசேஷத் துன்பமுண்டு. குளிர் நாட்டுப் பெண் பனிக்காலத்தில் சன்னலைத் திறந்துவைத்துச் சட்டையைத் தளர்த்தினால் வீட்டார் திகைத்து, என்னவோ ஏதோவென்று விசாரிப்பார்கள். நமது ஊரிலோ தபாற்காரனுக்கும் வேர்க்கிறது, பூனைக்கும் வேர்க்கிறது. "இந்த ஊரில் யாருக்கம்மா வேர்க்கவில்லை?" என்ற ஒரே கேள்வியில் அவள் வழக்குத் தள்ளுபடி ஆகிவிடுகிறது. ஆகவே அவள் தானே வழி தேடுகிறாள். கிள்ளான் பேரங்காடியில் உறைந்த மீன் அடுக்கிய பெட்டியருகே, மீன் எதையும் எடுக்காமல், விலைச் சீட்டுகளை மிகுந்த ஆராய்ச்சியோடு படித்துக்கொண்டு கால்மணி நேரம் நிற்கும் அம்மையாரை வாசகர் கண்டிருக்கக்கூடும். அவர் மீன் வாங்க வந்தவரல்லர். கிள்ளானிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், குளிர்க்காற்று நேரே தலையில் இறங்கும் இடத்துக்காக இளம்பெண்களை முழங்கையால் ஒதுக்கும் மாதரசியும் அகங்காரம் பிடித்தவரல்லர். அவர் காற்றுக் கேட்கிறார், அவ்வளவுதான்.

இரவில் நடக்கும் யுத்தத்தைப் பற்றி என்ன சொல்வது? மின்விசிறி ஐந்தில் சுழல்கிறது. ஏர்கோன் பதினாறில் நிற்கிறது. பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே, கம்பளியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, பல் கிட்டிக்கக் கிடக்கிறார் கணவனார். அரைமணி சென்றதும் அம்மையாரே நடுங்கி அந்தக் கம்பளியைப் பறித்துக்கொள்கிறார். "உனக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்கிறார் அவர். அம்மையாருக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது! காலையில் வீட்டுச் சாவி குளிர்ப்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் அகப்படுகிறது. மூத்த மகனைக் கூப்பிட எண்ணி இளையவன், மைத்துனன், இறந்துபோன நாய் என்று மூன்று பெயர்களைக் கடந்தே அவன் பெயருக்கு வந்து சேருகிறார். இவற்றையெல்லாம் அம்மணிகள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். நகைச்சுவை நடிகர் எவரும் அவர்களுக்கு ஈடாகார். அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு, ஆர்லாண்டோ நகரில், நான்கு பெண்கள் ஒரு கடையில் சந்தித்துத் தங்கள் அனலையும் மறதியையும் பாடிச் சிரிக்கும் இசை நாடகமொன்று அரங்கேறி, பின்னர்ப் பல நாடுகளில் ஆடப்பட்டது. நமது சிரிப்பு மாத்திரம் அடுக்களைக் கதவுக்கு வெளியே வரக்கூடாதாம். நமது திரைப்படங்களில் இந்த வயதுப் பெண்ணைக் கண்டு பிறர் சிரிக்கலாம். அவள் தானே சிரித்தால் மானக்கேடாம்.

மானத்தைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு கேள்வி. ஒரு சிறுமிக்கு மாதவிடாய் தொடங்கியவுடன் நீங்கள் செய்வது என்ன? கிள்ளானில் மண்டபம் பிடிக்கிறீர்கள். தெங்கு கிளானா சாலைக்குப் போய்ப் பட்டெடுக்கிறீர்கள். அவள் படத்தைப் போட்டு அழைப்பிதழ் அச்சடித்து, சம்பந்திக்கும் முதலாளிக்கும் பழைய வாத்தியாருக்கும் அனுப்புகிறீர்கள். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு ஊர்வலமாக வருகிறார். 12 வயதுக் குழந்தை, தலை நிமிர முடியாத நகையோடும் கல்யாணப்பெண் ஒப்பனையோடும் மேடையில் உட்கார்ந்து, எந்தச் சங்கதியைத் தன் தோழியிடமும் சொல்லக் கூசுகிறாளோ அந்தச் சங்கதிக்காக முந்நூறு பேர் கோழிப் பிரியாணி உண்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒலிபெருக்கியில் வாழ்த்து, சினிமாப் பாட்டு, கேக்கு, ஒளிப்படம். இத்தனையும் எதற்காக என்பது மண்டபத்துக் காவலாளிக்கும் தெரியும். அப்பொழுது மானம் எங்கே போயிற்று? மண்டபத்துக்கு வெளியே வாகனம் நிறுத்தப் போயிற்றா?

முப்பத்தைந்து ஆண்டு கழித்து, அதே பெண்ணுக்கு, அதே உடம்பில், அதே காரியம் விடைபெறுகிறது. அப்போது அழைப்பிதழ் இல்லை, தாய்மாமன் இல்லை, கேட்பாரும் இல்லை. "உஷ், ஆண்கள் இருக்கிறார்கள்" என்கிறீர்கள். முந்நூறு பேர் முன்னால் தொடங்கியதை ஒரு கணவன் முன்னால் முடிக்கக்கூடாதா? இதற்குப் பெயர் அடக்கமன்று. சரக்கு வந்திறங்கியபோது கொடியேற்றி, கிடங்கு காலியானபோது விளக்கணைக்கும் வியாபாரம் இது. இனிப் பெறுவாள் என்றபோது அவளுக்கு விழா. இனிப் பெறமாட்டாள் என்றபோது அவள் இல்லை. பாட்டியல்காரர் 40இல் ஏட்டை மூடியதும் இந்தக் கணக்கில்தான். பெண்ணை மனுஷியென்று எண்ணாமல் பிள்ளைப்பையென்று எண்ணியவர் கணக்கு அது. சடங்கு நடத்துவதைச் சீர்திருத்தக்காரர் நெடுங்காலமாகக் கண்டித்து வருகின்றனர், நாமும் கண்டிக்கிறோம். விடமாட்டோம் என்பவர்கள் நியாயத்துக்காவது தாயார் பெயரில் இரண்டாவது அழைப்பிதழ் ஒன்று அச்சிடட்டும். அதிலொரு சங்கடம் மாத்திரம் உண்டு. நின்றது என்பது 12 மாதம் சென்ற பிறகே தெரியவருமாதலால், எந்தச் சோதிடராலும் முன்கூட்டி முகூர்த்தம் குறிக்க முடியாத ஒரே விசேஷம் இதுதான்.

இஃதிப்படியிருக்க, தீட்டு என்னும் சங்கிலி இப்பருவத்தில்தான் மிகவும் இறுகுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதம் தவறாமல் வந்த காலத்தில் ஒருத்தி நாளை எண்ணி, விரதத்தையும் விசேஷத்தையும் அதற்கேற்ப வளைத்துக்கொண்டாள். இப்பொழுது நாளே இல்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு 48 நாள் விரதமிருப்பவளுக்கு நாற்பத்தேழாம் நாள் வந்தால், பத்துமலையின் 272 படிகளும் அவளுக்கு அடைபட்டுவிடுகின்றன. முருகனுக்கு ஆட்சேபணை உண்டா என்று யாரும் கேட்டறிந்ததில்லை, மாமியாருக்கு உண்டு. ஆகவே நோரெத்திஸ்தெரோன் போன்ற, நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையைத் தேடுகிறார்கள். அந்த மாத்திரையை, வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கவேண்டும் என்பது விதி. எந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு? நாள் தெரிந்தால் அவள் ஏன் மாத்திரைக்கு வருகிறாள்? மேலும் அது இரத்தக்கட்டு அபாயமுள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் விழுங்கத்தக்க மருந்தன்று. 47 வயதுடையாள், ஏற்கனவே இரத்த அழுத்தம் உடையவள், அண்டை வீட்டுப் பெண்ணிடம் கடன் வாங்கி அதை விழுங்குவதைப் பக்தி என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

இங்கிருந்து ஆண்டுதோறும் நம்மவர் மாலையணிந்து போகும் சபரிமலையின் கதை இன்னும் விநோதம். 10 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் உள்ள பெண் அங்கே ஏறக்கூடாது என்பது வழக்கம். 2018 செப்டம்பர் 28இல் இந்திய உச்ச நீதிமன்றம், நான்கு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, அத்தடை செல்லாது என்றது. தீர்ப்பை எதிர்த்துக் கலகம் எழுந்தது. 2019 நவம்பரில் அதில் எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. நாம் இங்கே கேட்பது அந்த 50ஐப் பற்றி மாத்திரம். 44இல் நின்றுவிட்டவள் ஆறு வருஷம் எதற்காகக் கீழே காத்திருப்பது? 53இலும் நில்லாதவள் எப்படி மேலே போவது? இயற்கை அடையாள அட்டையைப் பார்த்து வேலை செய்வதில்லை. நமது தாய்மாரின் உடம்பில் நடக்கும் இம்மாறுதலைப் பள்ளிக்கூடம் பேசவில்லை, புலவர் பேசவில்லை, கணவன் பேசவில்லை. கோயில் வாசலில் நிற்கும் காவற்காரர் ஒருவர்தாம் பேசுகிறார், அவரும் தவறான கணக்கோடு.

வைதீகரைச் சொல்லிவிட்டு வியாபாரிகளை விட்டுவிடுவது முறையன்று. ராபர்ட் வில்சன் என்னும் அமெரிக்க டாக்டர் 1966இல் ஒரு புத்தகம் எழுதி, மாதவிடாய் நின்ற பெண் குறைபட்ட பிராணி என்றும், மாத்திரையால் என்றும் இளமையாக இருக்கலாம் என்றும் பிரசாரம் செய்தார். மருந்து உற்பத்தியாளரின் பணம் அவர் பக்கம் இருந்தது பிறகு வெளியாயிற்று. அக்காலத்தில் பேர்பெற்ற ஹார்மோன் மாத்திரையோ சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது. பசுவின் சிறுநீரைத் தெளித்துக்கொள்ளும் நமது வைதீகர் இதைக் கேட்டு முகம் சுளிக்கவேண்டியதில்லை. 2002இல் 16,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனை, மார்புப் புற்று அபாயம் காணப்பட்டதால் நடுவிலே நிறுத்தப்பட்டது. உடனே உலகெங்கும் பெண்கள் மருந்தைத் தூக்கியெறிந்தனர். ஆனால் அப்பரிசோதனையில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பதையும், 60 வயதுக்குட்பட்ட, வேறு தடையில்லாத பெண்களுக்கு இச்சிகிச்சையின் நன்மை பெரும்பாலும் தீமையைவிட மிகுதி என்று இன்று மருத்துவர் கருதுவதையும் நமது தாய்மாரிடம் யார் வந்து சொன்னார்கள்? யாரும் சொல்லாத இடத்தில், நேரடி விற்பனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு அக்காள் வருகிறார். அவர் கையில் மூலிகைத் தூள். டப்பா ஒன்று 180 வெள்ளி. கேட்டால் ஹார்மோனைச் சமன்படுத்துமாம். எந்த ஹார்மோனை, எதனோடு என்று கேட்டால், "சாப்பிட்டுப் பாருங்கள் அக்கா, பிறகு நீங்களே சொல்வீர்கள்" என்கிறார். சமன்படுவது அவருடைய மாதக் கணக்கு.

"நம் பாட்டிமார் இதையெல்லாம் பேசினார்களா? அவர்கள் நன்றாக இல்லையா?" என்று ஒரு கட்சி உண்டு. அவர்களில் எத்தனை பேர் இப்பருவத்தைக் கண்டார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் குறைக்கத் தொடங்கியபோது, சுற்றுத் தோட்டங்களில் நம்மவர் காய்ச்சலில் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்தனர். காய்ச்சலுக்குத் தப்பியவளைப் பிரசவம் கொண்டுபோயிற்று. எட்டாம் பருவத்தை எட்டாமலே போனவளைக் காட்டி, அவள் முறையிடவில்லையே என்பது என்ன வாதம்? எட்டியவர்களோ முறையிட்டார்கள், கேட்டவர்கள் அதைச் சாமி என்றும் பேயென்றும் பெயர் மாற்றிவிட்டனர். தூக்கமின்றிப் படபடத்து, காரணமின்றி அழுது, ஓரிரவு பானையை உடைத்தவளைப் பூசாரியிடம் கொண்டுபோய் வேப்பிலை அடித்த கதை பழைய தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஒருவேளை கொஞ்சம் குணமாகியும் இருக்கலாம். யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் அவளையே கவனித்துக்கொண்டிருந்தாரல்லவா!

இங்கேதான் சிரிப்பை நிறுத்தவேண்டியிருக்கிறது. பேசாமையால் மானம் காக்கப்படுகிறதென்றால் போகட்டும், உயிர் போகிறது. "இந்த வயதில் அப்படித்தான் கொட்டும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி, மாதக்கணக்காக உதிரம் கொட்டிச் சோகை பிடித்து, படியேற மூச்சு வாங்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. வெள்ளமாகப் போவதற்குச் சுரப்பின் ஏற்றத்தாழ்வு காரணமாகலாம், கட்டியும் காரணமாகலாம், கருப்பைப் புற்றும் காரணமாகலாம். எது என்பதை அண்டை வீட்டார் கூறமுடியாது. முக்கியமாக, 12 மாதம் நின்றுபோனபின் ஒரு சொட்டுத் திரும்பக் கண்டாலும் டாக்டரிடம் போகவேண்டும். "மறுபடி வயசுக்கு வந்துவிட்டாளோ" என்று பரிகாசம் செய்து சிரிக்கும் வேளையில் கருப்பைப் புற்று வளர்ந்துகொண்டிருக்கலாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. மூலிகைத் தூளின் ஒரு டப்பா விலையில் 180 தடவை போய்வரலாம். போகாததற்குக் காரணம் பணமன்று, "என்னவென்று சொல்வது?" என்னும் கூச்சமே. சொல்லுக்குப் பெயரில்லாதவள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, தலைவலி என்று சொல்லிப் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். இன்னொன்று: நின்றும் நில்லாமலும் இருக்கும் காலத்தில் கருத்தரிக்க வழியில்லை என்று நினைத்து, பேரப்பிள்ளைக்குக் கட்டிய தொட்டிலை அவிழ்க்காமல் வைத்துக்கொள்ள நேர்ந்த அம்மையாரும் உண்டு. ஐம்பதைக் கடந்தவளாயின் கடைசி மாதவிடாய்க்குப்பின் ஓராண்டும், ஐம்பதுக்கு உட்பட்டவளாயின் ஈராண்டும் தடுப்பைக் கைவிடக்கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள்.

மாதவிடாய் நின்றவள் எதற்கும் உதவாதவள் என்று உள்ளூர நினைப்போர் கடலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஓர்க்கா என்னும் திமிங்கல இனத்தில் பெண் நாற்பதை ஒட்டி ஈனுவதை நிறுத்தி, பின்னும் பல பத்தாண்டுகள் வாழ்கிறது. மீன் அரிதாகும் ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னே நீந்தி வழிகாட்டுவது அக்கிழவிகளே என்று 2015இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. திமிங்கலத்துக்குத் தெரிந்தது பாட்டியல்காரருக்குத் தெரியவில்லை.

தோட்டத்துக்கு வருவோம். எம்.சி. சீட்டுகளைக் கோத்துவைப்பது நம்மைப் போன்ற கிராணிமாரின் அன்றாட வேலையாதலால் சொல்கிறோம்: காய்ச்சல், வயிற்றுவலி, இடுப்புவலி என்று ஆயிரம் சீட்டு வருகின்றன, இது என்று எழுதிய சீட்டு ஒன்றும் நம் கைக்கு வந்ததில்லை. பெண்ணின் பிரசவத்துக்குச் சட்டம் 2023 முதல் 98 நாள் விடுமுறை தருகிறது; சரியே, பெரும் போராட்டத்தின் பலன். ஓய்வு பெறும் வயதும் 2013 ஜூலை முதல் 60க்குக் குறையக்கூடாதென்று ஆயிற்று, அதுவும் சரியே. ஆனால் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பெண் இந்த எட்டாம் பருவம் முழுவதையும் வேலைக்களத்திலேயே கழிக்கவேண்டும் என்பது விளங்கும். அக்களம் எப்படியிருக்கிறது? செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவளும் உரம் போடுபவளும் காலை ஏழு மணிக்கு இறங்கினால் நண்பகல்வரை கழிவறை என்பதே இல்லாத இடங்கள் உண்டு. வெள்ளமாகப் போகும் நாளில் அவள் எங்கே போவாள்? மரத்துக்குப் பின்னாலா? இரண்டு மைல் நடந்து வீட்டுக்கா? நடந்தால் அன்றைய கூலியில் எவ்வளவு பிடிப்பது என்று நம்மைப் போன்ற ஒருவரே பேரேட்டில் எழுதவேண்டியிருக்கிறது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து தொழிற்சாலையில் நிற்பவளுக்கும், கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவளுக்கும் கழிவறை இருக்கிறது. போக அனுமதிக்கும் மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

சங்கத் தலைவர்கள் கூட்டுடன்படிக்கைப் பேச்சில் அரிசி விலை முதல் காலணி வரை வைக்கிறார்கள். களத்தில் தண்ணீரோடு கூடிய கழிவறை, 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு ஆண்டுக்கொரு முறை இரத்தசோகைப் பரிசோதனை, தோட்டத்து மருந்தகச் சுவரில் இப்பருவத்தின் குறிகளையும் அபாயங்களையும் எளிய தமிழில் எழுதிய ஒரு தாள். இம்மூன்றையும் அதில் சேர்க்க என்ன தடை? மேடையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்பவர்கள் தீர்மானத்தை எழுதித் தரட்டும், படிப்பதற்குத் தாய்மார் இருக்கிறார்கள். இவ்வாண்டுப் பேரவைக் கூட்டத்தில் எந்தக் கிளை இதை முதலில் கொண்டுவருகிறது என்று பார்ப்போம். அந்தக் கிளையின் பெயரை இப்பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம்.